தொப்பையாருக்கு ரிப்பேர்

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் பாதி குடித்துவிட்டு வைத்துப் போன காப்பிக் கோப்பை எங்கள் கூடத்து மேஜையில் மூன்று நாள் அப்படியே இருந்தது. எடுக்கப் போனால் என் வீட்டுக்காரி விடவில்லை. "நீங்க பேசின அழகுக்கு அதுதான் சாட்சி. தினமும் பாத்துட்டு வேலைக்குப் போங்க" என்றாள். நேற்று எறும்பு வந்தது. அப்புறம்தான் எனக்கு விடுதலை.

நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். கல்யாணத் தேதி பற்றிப் பேச்சு வந்தது. கோடைக்கு முன்னால் காட்டுத்தீ காவல் இருக்கிறது, வனத்துறை ரேஞ்சரான உங்களுக்கு லீவு கிடைக்காது என்றீர்கள். நான், "காட்டுல அப்படி என்னங்க வேலை? மரம் எழுந்து ஓடியா போயிடும்?" என்றேன். எல்லாரும் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். சிரித்தது நான் ஒருவன் மட்டும். அதுவும் எனக்கு நன்றாகவே கேட்டது. நீங்கள் மகளைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். எங்கள் கட்டடத்து லிஃப்டில்கூட ஏறாமல் எட்டு மாடியும் படியில் இறங்கினீர்களே, ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக் கொடுக்க அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

அம்மா, முப்பது வருஷமாக நான் மோட்டாரோடும் கம்பியோடும் பேசிப் பழகியவன். அதுகள் கோபித்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்க தோஷம்.

என் வாய்க்காகப் பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம். உங்கள் மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்று அவள் உள்ளே மாட்டிக்கொண்டபோது திறக்கப் போனவன் என் மகன். அந்த மாடல் கதவைத் திறக்க எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவனுக்கே ஐந்து நிமிஷம் போதும். இவன் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு கதவு வழியாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். அன்றைக்கே எனக்குச் சந்தேகம். இப்போது அவன் வாயே திறப்பதில்லை. வீட்டில் ஒரு வாய் அடங்க வேண்டும் என்றால் அது என் வாயாக இருந்திருக்கலாம் என்று அவன் அம்மா சொல்கிறாள்.

ஒரு வார்த்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
எட்டாவது மாடிக் குற்றவாளி

* * *

பிப்ரவரி 20

லிஃப்ட் மெக்கானிக் ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சம்பந்தியம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதும் அளவுக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை.

இங்கே போனில் சிக்னல் கிடையாது. தபால் ஜீப் வாரம் ஒரு தடவை வரும். அதனால் கோபத்தைக்கூட யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்குக் கோபம் என்னைப் பற்றிப் பேசியதால் இல்லை. என் மகள் இந்தக் காட்டுக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா போன பிறகு இந்த வேலைதான் எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து நிற்க வைத்தது. அதைச் சிரிப்பாகப் பார்க்கும் வீட்டில் அவளும் ஒருநாள் சிரிப்பாகிவிடுவாள் என்று எனக்குப் பட்டது.

ஒரே நிபந்தனை. மார்ச் எட்டாம் தேதி சனிக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள். சனிக்கிழமை எங்கள் தேசியப் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு தேசியப் பூங்கா. இரண்டு நாளும் நடக்க வேண்டும். மரங்களைப் பார்த்த பிறகும் அந்த வாக்கியம் உங்கள் வாயில் வந்தால், என் மகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். அந்த வாக்கியம் வராவிட்டால் மேலே பேசலாம்.

காலுக்கு நல்ல ஷூ. கத்திப் பேசக்கூடாது. எதையும் பறிக்கக்கூடாது, கிறுக்கக்கூடாது, விட்டுவிட்டுப் போகக்கூடாது.

ரேஞ்சர்

* * *

பிப்ரவரி 27

இன்னும் சம்பந்தி ஆகாத ரேஞ்சரம்மாவுக்கு,

வருகிறோம்!

ஷூ வாங்கியாயிற்று. கடைக்காரப் பையன் "எந்த மலைக்கு சார்?" என்று என் தொப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். தினமும் நடந்து பழகுகிறேன். நேற்று எட்டு மாடியும் படியேறி வந்தேன். ஐந்தாவது மாடிப் பல் டாக்டர் வெளியே வந்து, "என்ன, லிஃப்ட் ரிப்பேரா?" என்றார். இல்லை, நான்தான் ரிப்பேர் என்று சொல்ல மூச்சு இல்லை.

கத்திப் பேசக்கூடாது என்ற விதியைப் படித்ததும் என் வீட்டுக்காரி, "ரெண்டு நாளா? அந்தக் காட்டுல வேலைக்கு ஆள் எடுக்கறாங்களான்னு கேளுங்க, உங்களைச் சேத்து விட்டுடலாம்" என்றாள்.

மகன் ஆறு சட்டை எடுத்து வைத்திருக்கிறான். இரண்டு நாளுக்கு ஆறு சட்டை. மரங்களுக்காக இருக்காது.

எட்டாவது மாடி

* * *

மார்ச் 12

ரேஞ்சரம்மாவுக்கு,

கெண்டைக்கால் இரண்டும் இன்னும் என்னோடு பேசவில்லை. மற்றபடி நலம்.

முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். பஸ்ஸில் வரும்போது, போனதும் இரண்டு தடவை "அடேயப்பா" சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். உங்களோடு அந்த முதல் வளைவு திரும்பினோம் பாருங்கள், அங்கே ஒரு சுவர் இருந்தது. காட்டுக்குள் யார் சுவர் கட்டினார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தச் சுவருக்குப் பட்டை இருப்பது தெரிந்தது. தலையைத் தூக்கினேன், தூக்கினேன், தொப்பி பின்னால் விழுந்தது. இருபது மாடி இருக்கும். முப்பது வருஷத்தில் நான் பார்க்காத உயரமா? ஆனால் அதெல்லாம் யாரோ கட்டியது. இது தானாக எழுந்து நிற்கிறது.

"அடேயப்பா" வரவே இல்லை. என் வீட்டுக்காரி பயந்து போய், "என்னங்க, நெஞ்சு வலியா?" என்றாள்.

அப்புறம் நான் செய்ததற்கு நீங்கள் சிரிக்காமல் இருந்தீர்கள். அதற்கு நன்றி. லிஃப்ட் மோட்டார் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க, ஸ்க்ரூ டிரைவர் முனையை அதன் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். கருவிப்பை எப்போதும் என் தோளில் இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். என்னை அறியாமல் கை அதற்குள் போய்விட்டது. மரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். என் மகன் பத்தடி தள்ளிப் போய், யாரோ எவரோ என்று நின்றான்.

"என்ன கேக்குதுங்க?" என்றீர்கள்.

"ஒண்ணும் கேக்கலைங்க. இருபது மாடிக்குத் தண்ணி போகுது, மோட்டார் எங்க இருக்கு?"

"மேல இலையிலேருந்து வெயிலுக்குத் தண்ணி ஆவியாப் போகும். போன இடத்துக்குக் கீழேருந்து இழுத்துக்கும். மோட்டாரெல்லாம் கிடையாது."

"சத்தமே இல்லாம? மெயின்டனன்ஸ் யார் பாக்கறாங்க?"

"யாரும் பாக்க வேணாம். காலடியில மிதிக்காம இருந்தா போதும். அதுதான் நடக்க மாட்டேங்குது." பதினோரு வருஷமாக நீங்கள் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருப்பதை அப்போதுதான் சொன்னீர்கள். இருப்பதிலேயே பெரிய மரத்தைச் சுற்றி ஜனங்கள் மிதித்து மிதித்து மண் சிமெண்டாகிவிட்டது, அது கொட்டுகிற விதை ஒன்றுகூட முளைப்பதில்லை, வேலி போடுங்கள் என்று. 'பார்வையாளர் வருகை பாதிக்கும்' என்று அவர்கள் பதில் போடுவதையும் சொன்னீர்கள். உங்கள் முகத்தை அப்போது பார்த்தேன். மரம் ஓடியா போயிடும் என்று கேட்டவனை அங்கேயே புதைத்திருக்கலாம். பாவம், விதிப்படி எதையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

அதற்குள் வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, உங்களை மலை உச்சிக் காவல் கோபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாசமாமே! சாப்பாட்டை முடிக்கக்கூட விடவில்லை. உங்கள் மகள்தான் பிறகு எங்களைக் கூட்டிப்போனாள். "தொப்பையார்கிட்ட பாத்து நடங்க" என்று அவள் சொன்னபோது, என்னைத்தான் மரியாதையாகச் சொல்கிறாள் என்று பின்னால் வந்தவர்கள் வழி விட்டார்கள். அடிமரம் பொந்தாகி, உள்ளே ஒரு அறை அளவுக்கு இடம் இருக்கும் அந்த மகானுக்கு அது பட்டப்பெயர் என்று அப்புறம்தான் தெரிந்தது. உள்ளே போய் நின்றேன். பழக்கம், வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். இன்னும் நாலு பேர் நுழைந்தார்கள். "ஓவர்லோடு, ரெண்டு பேர் இறங்குங்க" என்றேன். இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள்!

கூட்டம் போனதும், என் வீட்டுக்காரி ஓடையில் போட்டோவுக்கு நின்று வழுக்கி விழுந்து தொப்பலாக வந்து சேர்ந்தாள். மாற்றுத்துணி பையில் இருந்தது, மறைவுதான் இல்லை. தொப்பையார் வயிற்றுக்குள் அனுப்பினேன். அடுத்த பஸ் கூட்டம் வரும் சத்தம் கேட்டது. சும்மா இருப்பேனா? கருவிப்பையில் எங்கள் கம்பெனி போர்டு இருந்தது, மஞ்சள் தகடு, சிவப்பு எழுத்து: 'பழுது பார்க்கப்படுகிறது. உபயோகிக்க வேண்டாம். மீறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.' வாசலில் துருத்திய ஒரு மர முண்டில் கயிற்றால் மாட்டினேன். வந்தவர்கள் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். என் சமயோசிதத்தை வீட்டில் ஒருத்தரும் பாராட்டவில்லை, நீங்களாவது பாராட்டுவீர்கள் என்று எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கரைப் பூங்கா. அங்கே மரங்கள் ஒல்லி, உயரம் அதிகம். உங்கள் பூங்காவில் உயரம் கொஞ்சம் குறைவு, இடுப்பு அதிகம். "நம்ம ரெண்டு குடும்பம் மாதிரி" என்றாள் என் வீட்டுக்காரி. பிள்ளைகள் இரண்டும் எங்களுக்கு முன்னால் நடந்தன. ஒரு மரத்தை ஆளுக்கொரு பக்கம் கட்டிப் பிடித்து, கை எட்டுகிறதா என்று பார்த்தார்கள். எட்டவில்லை. எட்டாததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் யாரையும் பார்த்ததில்லை.

அந்த வாக்கியம் இனி என் வாயில் வராது. தேதி பேச எப்போது வரட்டும்?

எட்டாவது மாடி

* * *

ஏப்ரல் 10

ஐயா,

கோபுரத்திலிருந்து முந்தாநாள் இறங்கினேன். மேஜையில் இரண்டு உறைகள். ஒன்று உங்கள் கடிதம். இன்னொன்று மேலதிகாரியின் மெமோ. மெமோவை முதலில் படித்தேன், ஒன்றும் புரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

போர்டை மாட்டியதைப் பெருமையாக எழுதினீர்கள். கழற்றியதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏன் என்றால் நீங்கள் கழற்றவே இல்லை.

நடந்ததைக் கேளுங்கள். மறுநாள் காலையில் காவலர் பார்த்திருக்கிறார். மேலிடத்து வேலை என்று நினைத்து விட்டுவிட்டார். மேலிடத்திலிருந்து வந்தவர் பொறியாளர் பிரிவு மாட்டியது என்று நினைத்தார். பொறியாளர் பிரிவு, இது ரேஞ்சர் மாட்டியது என்று நினைத்தது. மழை வேறு பெய்ததா, 'ஏதோ பெரிய வேலை போலிருக்கு' என்று யாரும் கிட்டேயே போகவில்லை. கைடுகள் பஸ் பஸ்ஸாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கைடு, உள்ளே வேருக்கு பைப் மாற்றுகிறார்கள் என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கே விளக்கம் சொல்லியிருக்கிறார். ஒரு பத்திரிகைக்காரர் மேலதிகாரிக்கு போன் போட்டு, மரத்துக்கு எப்போது ரிப்பேர் முடியும் என்று கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது.

மெமோவில் இருக்கும் கேள்வி இது: 'எந்த மரம், என்ன பழுது, யாருடைய அனுமதியோடு பார்க்கப்படுகிறது?' இருபத்தாறு வருஷத்தில் எனக்கு வந்த முதல் மெமோ. விசாரணை 22ஆம் தேதி. அதுவரை போர்டை யாரும் தொடக்கூடாது, மரத்தின் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு.

எதையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று எழுதியிருந்தேன். அதுவும் உங்களுக்குச் சிரிப்புத்தான். என் மகளிடம் சொல்லிவிட்டேன், இந்தப் பேச்சு இதோடு சரி. அழுதாள். அவளை அழ வைத்ததற்காகவும் எனக்குக் கோபம்.

ரேஞ்சர்

* * *

ஏப்ரல் 15

ரேஞ்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பத்தியில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை என் வீட்டுக்காரி படித்தாள். 'பைப் மாற்றுகிறார்கள்' என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னியுங்கள். சிரித்த கையோடு அழவும் செய்தாள்.

நான் ஜோக் அடிக்கப் போவதில்லை. எங்கள் தொழிலில் போர்டு மாட்ட மறந்தால் ஒரு உயிர் போகும். வேலை முடிந்ததும் கழற்றி, பைக்குள் வைத்து, பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாளே நான் சொல்லித் தருவது இதுதான். நான் மறந்தேன். என் வீட்டுக்காரி உலர்ந்த துணியில் வெளியே வந்தாள், உங்கள் மகள் எல்லாருக்கும் காப்பி ஊற்றினாள், என் மகன் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டேன். சாக்கு சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

22ஆம் தேதி வருகிறேன். மாட்டிய கை என் கை. உங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று உங்கள் அதிகாரி முன்னால் சொல்லி, எழுதியும் கொடுக்கிறேன். வர வேண்டாம் என்று நீங்கள் பதில் எழுதினாலும், உங்கள் தபால் ஜீப் புண்ணியத்தில் அது எனக்கு வந்து சேர்வதற்குள் நான் அங்கே இருப்பேன்.

கல்யாணம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும். என் மகன் என்னைப் போல இல்லை. அவன் போர்டைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை தட்டிப் பார்ப்பவன்.

எட்டாவது மாடி

* * *

ஏப்ரல் 29

சம்பந்தி அவர்களுக்கு,

மேலே எழுதியிருப்பதை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். கை தவறி எழுதவில்லை.

அன்றைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டீர்கள். அதனால் நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன். ஓடாமல் இருந்தாலும் பார்த்திருக்க மாட்டீர்கள், கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தீர்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். தொப்பையார் முன்னால், பாதையிலேயே எல்லாரும் நின்றோம். மேலதிகாரி, "யார் மாட்டினது?" என்றார். நீங்கள் "நான்" என்று முடிப்பதற்குள் உங்கள் மகன், "நான் சார், அப்பாவுக்கு ஞாபகம் இல்ல" என்றார். என் மகள், "நான்தான் இடம் காட்டினேன், பொறுப்பு என்னுது" என்றாள். உங்கள் வீட்டுக்கார அம்மா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "எனக்காக மாட்டினதுங்க. நான் ஓடையில விழாம இருந்தா இவர் ஏன் மாட்டப் போறார்? என்மேல எழுதுங்க" என்றார். அதிகாரிக்குத் தலை சுற்றிவிட்டது. "இருக்கறது ஒரு போர்டு, மாட்டினது நாலு பேரா?" என்றார்.

என் சர்வீஸில் ஒரு தப்பை நாலு பேர் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு தப்புக்கு நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அந்த நாலு பேரில் என் மகளும் ஒருத்தி. அவள் ஏற்கெனவே உங்கள் பக்கம் போய் நின்றுவிட்டாள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. உங்கள் வீட்டில் அவள் சிரிப்பாகிவிடுவாளோ என்று பயந்தேனே, அங்கே சிரிப்பாக இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அதுவும் மற்றவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று.

அப்புறம் அதிகாரி, "சரி, கழட்டுங்க" என்றார். நீங்கள் ஒரு அடி வைத்தீர்கள். அடுத்த காலைத் தூக்கியபோது நான் கத்தினேன், "காலை வெக்காதீங்க!" கத்திப் பேசக்கூடாது என்று விதி போட்டவளே கத்தினேன். நீங்கள் பாம்பு என்று நினைத்து, ஒற்றைக் காலில் கண்ணை மூடிக்கொண்டு, "கடிச்சிடுச்சா, கடிச்சிடுச்சா" என்று கேட்டுக்கொண்டே நின்றீர்கள்.

பாம்பு இல்லை. கன்றுகள். உங்கள் ஷூவுக்கு ஒரு விரல்கடை தள்ளி, தீக்குச்சி உயரத்தில், தலையில் நாலைந்து பச்சை ஊசி இலைகளோடு ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழக, தரை முழுக்க அதுகள்தான். ஆறு வாரமாக ஒரு கால்கூட அங்கே படவில்லை. மழையும் நேரத்துக்குப் பெய்து மண்ணை இளக்கிவிட்டது. பதினோரு வருஷமாக நான் எழுதி எழுதிக் கேட்டதை உங்கள் மறதி செய்துவிட்டது. மேலதிகாரி இஸ்திரி போட்ட கால்சட்டையோடு மண்டி போட்டார். பொறியாளர் இரண்டு பேர் குப்புறப் படுத்துவிட்டார்கள். உங்கள் மகன்தான் உங்களைத் தூக்கிப் பின்னால் வைத்தார். மூன்று பேர் எதற்குத் தரையில் கிடக்கிறார்கள் என்றுகூடக் கேட்காமல், கன்றுகளை மிதிக்காமல் காவலர் கழற்றிக் கொடுத்த போர்டைக் கையில் வாங்கிக்கொண்டு, பஸ், பஸ் என்று ஓடிவிட்டீர்கள்.

மெமோவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். வேலிக்கு உத்தரவு வந்துவிட்டது. மண்ணில் கால் படாமல் சுற்றிப் பார்க்க மரப்பலகையில் நடைபாதையும் வருகிறது. கன்றுகளில் பாதிக்கு மேல் நிற்காது, அது இயற்கை. ஆனால் சிலது நிற்கும். நாம் யாரும் பார்க்கப் போவதில்லை, ஆயிரம் வருஷம் கழித்து அதுகளுக்கும் தொப்பை வரும்.

தபால் ஜீப் ஹாரன் அடிக்கிறது. ஜூன் மாதம் எனக்கு லீவு உண்டு. நல்ல நாளாகப் பாருங்கள். உங்கள் மகனிடம் நீங்களே சொல்லுங்கள். என் மகளிடம் நான் சொல்லிவிட்டேன், அவள் குதித்த குதியில் இந்த வீட்டின் சுவர்கள் இன்னும் நிற்பது ஆச்சரியம்.

அன்புடன்,
ரேஞ்சர்

* * *

மே 4

சம்பந்தியம்மாவுக்கு, சம்பந்தியம்மாவுக்கு, சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கே வருடாந்தர பரிசோதனை. நான் பன்னிரண்டாவது மாடிக்கு மேலே மோட்டார் அறையில், மகன் அடியில் குழிக்குள். என் வீட்டுக்காரி படியேறி மூச்சு வாங்க வந்து உறையை நீட்டினாள். பிரிக்காமலே கொண்டு வந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை!

படித்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகனிடம் சொல்ல வேண்டும். வயர்லெஸ் இடுப்பில்தான் இருந்தது, அது எங்கே ஞாபகம் வருகிறது? கதவைத் திறந்து, லிஃப்ட் ஓடும் அந்த நீளக் குழாய்க்குள் தலையை நீட்டி, "ஒத்துக்கிட்டாங்கடா!" என்று கத்தினேன்.

அம்மா, அப்படி ஒரு குழாய்க்குள் மெதுவாகச் சொன்னாலே எல்லா மாடிக்கும் கேட்கும். நான் கத்தினேன்.

ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது. "யார் ஒத்துக்கிட்டாங்க?" என்றார் பதினோராம் மாடிக்காரர். "பொண்ணோட அம்மாவா, பொண்ணா?" என்றாள் ஒன்பதாம் மாடி தையல்காரி, அவளுக்கு ஜாக்கெட் கவலை. பல் டாக்டர் வாயில் பஞ்சு வைத்த பேஷண்டோடு படிக்கட்டுக்கே வந்துவிட்டார். அந்த பேஷண்ட்டும் என்னமோ வாழ்த்தினார், ஒரு எழுத்து புரியவில்லை. இரண்டாம் மாடியில் யாரோ, "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாளே, அந்தப் பொண்ணா?" என்று கேட்க, "ஆமா, இப்ப இவன் மாட்டிக்கிட்டான்" என்று முதல் மாடி பதில் சொன்னது.

கடைசியாகத்தான் குழிக்குள்ளிருந்து என் மகன் குரல் வந்தது. "அப்பா, நிஜமாவா?" அவ்வளவுதான். சின்ன வயதில் ஜன்னலில் முதல் தடவை மழையைப் பார்த்துவிட்டு இதே குரலில் கேட்டான். அவன் அம்மா என்னைத் தள்ளிவிட்டுத் தலையை நீட்டி, "நிஜம்தான்டா, மேல வா" என்றாள். லிஃப்டை நாங்களே நிறுத்தி வைத்திருந்தோம். பன்னிரண்டு மாடியும் ஓடியே வந்தான். வழியில் ஒவ்வொரு மாடியும் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்பியிருக்கிறது.

ஜூன் பதினைந்து நல்ல நாளாக இருக்கிறது. உங்களுக்குச் சரி என்றால் எழுதுங்கள்.

ஒரே ஒரு மன்னிப்பு. உங்களையும் கேட்டு, இரண்டு பக்கமும் சேர்ந்து முறையாக எல்லாருக்கும் சொல்ல வேண்டிய செய்தி இது. எங்கள் பக்கத்தில் இனி சொல்ல ஒரு மாடி மிச்சமில்லை. உங்கள் பக்கம் மரங்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

சம்பந்தி